காற்றைத் தாங்காத கிருமி நம் வயிற்றுக்குள் எப்படி ஓடுகிறது?

உணவுப் பரிசோதனைக் கூடத்தில் வேலை செய்பவர்களிடம் வயிற்றுப்போக்கு தரும் கேம்பிலோபாக்டர் என்ற பாக்டீரியாவின் பெயரைச் சொல்லிப் பாருங்கள், முகம் சுளிப்பார்கள். சால்மொனெல்லா என்ற இன்னொரு உணவுக் கிருமியை, கிருமி வளர்க்கும் கூழ் ஊற்றிய அகார் தட்டில் தேய்த்து 37 டிகிரியில் வைத்துவிட்டு வீட்டுக்குப் போனால், மறுநாள் காலையில் வளர்ந்து நிற்கும். கேம்பிலோபாக்டரிடம் அது நடக்காது. சுமார் 5 சதவீதம் ஆக்சிஜன், 10 சதவீதம் கார்பன் டை ஆக்சைடு, மீதிக்கு நைட்ரஜன் என்று ஜாடிக்குள் அதற்கெனத் தனிக் காற்று நிரப்ப வேண்டும். வெப்பம் 42 டிகிரி இருக்க வேண்டும். அதற்கப்புறமும் இரண்டு நாள் காத்திருக்க வேண்டும். நாம் சுவாசிக்கிற 21 சதவீத ஆக்சிஜனில் அதனால் பெருக முடியாது. நேரம் ஆக ஆகச் செத்துக்கொண்டே போகும்.

ஆனால் உலக அளவில் வயிற்றுப்போக்குக்கான நான்கு முக்கியக் காரணங்களில் ஒன்று என்று உலக சுகாதார நிறுவனம் சொல்வது இந்த நோஞ்சானைத்தான். 1981இல் பிரிட்டனில் ஒரு ஆய்வாளர் சுமார் 500 கிருமிகளைப் பாலில் கலந்து தானே குடித்தார். நோயும் வந்தது. ஒரு சொட்டு இறைச்சி நீரிலேயே அவ்வளவு இருக்கலாம்.

வெளிக்காற்றில் தடுமாறும் ஒன்று குடலுக்குள் போனதும் எப்படி இவ்வளவு சுறுசுறுப்பாகிறது? பதில் அதன் சுவாச நொதிகளில் இருக்கிறது.

மனிதரை அதிகம் தாக்கும் இனமான கேம்பிலோபாக்டர் ஜெஜுனியின் பெரும்பாலான வகைகளால் குளுக்கோஸைப் பயன்படுத்த முடியாது. குளுக்கோஸை உடைக்கத் தேவையான ஒரு முக்கிய நொதியே அதனிடம் இல்லை. அமினோ அமிலங்களையும் கரிம அமிலங்களையும் வைத்துத்தான் பிழைப்பு. ஆற்றலின் பெரும்பகுதி சுவாசத்திலிருந்தே வர வேண்டும். பாக்டீரியாவின் சுவாசம் என்றால், ஒரு பொருளிடமிருந்து எலெக்ட்ரானை எடுத்து இன்னொரு பொருளிடம் கொடுப்பது. கொடுப்பவர் வரிசையில் ஃபார்மேட், ஹைட்ரஜன், லாக்டேட் எல்லாம் இருக்கின்றன. வாங்குபவர் வரிசையில் ஆக்சிஜன் மட்டுமல்ல, நைட்ரேட், நைட்ரைட், ஃபியூமரேட்டும் உண்டு. ஒவ்வொன்றுக்கும் தனித்தனி நொதி. 2000இல் இதன் மரபணுத் தொகுதியை முழுமையாகப் படித்தார்கள். மொத்தமே சுமார் 16.4 லட்சம் டிஎன்ஏ எழுத்துகள்தான், ஈ.கோலை என்ற குடல் பாக்டீரியாவோடு ஒப்பிட்டால் பாதிக்கும் குறைவு. அவ்வளவு சின்னத் தொகுதிக்குள் சுவாசத்துக்கு மட்டும் இத்தனை கிளைப் பாதைகளை வைத்திருக்கிறது. ஆக்சிஜன் குறைந்த குடலில் ஒரு வழி அடைபட்டால் வேறு வழியில் போய்விடும்.

எலெக்ட்ரான் கைமாறும்போது செல்லுக்குள் இருக்கும் புரோட்டான்கள் சவ்வுக்கு வெளியே தள்ளப்படுகின்றன. அணையில் தேக்கிய தண்ணீர் மடை வழியாகப் பாய்ந்து சக்கரத்தைச் சுற்றுவது மாதிரி, வெளியே சேர்ந்த புரோட்டான்கள் உள்ளே திரும்பி வரும்போது, நீந்த உதவும் வால் போன்ற கசையிழையின் அடியில் இருக்கும் மோட்டாரைச் சுழற்றுகின்றன. கேம்பிலோபாக்டருக்கு இரண்டு முனையிலும் ஒவ்வொரு கசையிழை. உடம்போ சுருள். குடலைப் பூசியிருக்கும் கெட்டியான சளியில் பல பாக்டீரியாக்கள் திணறும், இது துளைத்துக்கொண்டு போகும். புதிதாக வளர்த்த கிருமியை நுண்ணோக்கியில் பார்த்தால் கண் பின்தொடர முடியாத வேகம். எந்தப் பக்கம் போனால் சுவாசம் நன்றாக நடக்கும் என்பதை உணர்ந்து திரும்பும் ஏற்பாடும் அதற்கு உண்டு. கசையிழையின் வேலை நீந்துவதோடு முடியவில்லை, மனித செல்லுக்குள் நுழைய உதவும் சில புரதங்களை வெளியே அனுப்பும் குழாயும் அதுதான். கசையிழை இல்லாத கிருமியைக் கோழிக்குஞ்சுக்குக் கொடுத்தால் குடலில் சரியாகக் குடியேறுவதில்லை.

அப்படியானால் எந்தச் சுவாச நொதியை எடுத்துவிட்டாலும் ஓட்டம் குறைய வேண்டும், இல்லையா? 2012இல் அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஐந்து நொதிகளை ஒவ்வொன்றாக நீக்கிப் பார்த்தார்கள். ஓட்டம் குறைந்தது ஒன்றில் மட்டும்தான், ஃபார்மேட்டிலிருந்து எலெக்ட்ரானை எடுக்கும் ஃபார்மேட் டிஹைட்ரஜனேஸில். அதுவும் மனித உடல் வெப்பமான 37 டிகிரியில் தளர்ந்தது அதிகம், கோழியின் உடல் வெப்பத்துக்கு நெருக்கமான 42 டிகிரியில் அந்தக் குறை வெகுவாகச் சுருங்கியது. இதே நொதி இல்லாத கிருமி ஊதிப்போய் கிட்டத்தட்ட உருண்டையாக இருந்தது. ஹைட்ரஜனைப் பயன்படுத்தும் நொதி இல்லாதது பிரிய முடியாமல் நீண்ட இழையாக வளர்ந்தது. இரண்டுமே மனிதக் குடல் செல்லையும் கோழிக் குடல் செல்லையும் தாக்குவதில் பின்தங்கின. ஃபியூமரேட்டைக் கையாளும் நொதி இல்லாத கிருமியோ மனித செல்லில் ஒட்டுவதிலும் நுழைவதிலும் மட்டும் சறுக்கியது.

எனக்கு இதில் சுவாரசியமானது இந்தக் கடைசி முடிவு. ஒரே நொதி, விருந்தாளியாகப் போகும் வீட்டைப் பொறுத்து வேறு மாதிரி முக்கியமாகிறது. கோழிக்கு நோய் எதுவும் காட்டாமல் குடலில் கோடிக்கணக்கில் வாழும் கிருமி, நமக்கு ரத்தம் கலந்த வயிற்றுப்போக்கு வரை கொண்டுபோவதன் விளக்கத்தில் ஒரு துண்டாவது இங்கே இருக்கும் என்று நினைக்கிறேன். ஆனால் இவை ஆய்வகத்தில் வளர்த்த செல்களில் கிடைத்த முடிவுகள். ‘சுவாசத்தை அடைக்கும் மருந்து வந்துவிட்டது’ என்று யாராவது ஃபார்வேர்டு அனுப்பினால் நம்ப வேண்டாம்.

சரி, சமையலறைக்கு வருவோம். இந்தக் கிருமி 30 டிகிரிக்குக் கீழே பெருகாது. கேட்க நல்ல செய்தி மாதிரி இருக்கும். ஆனால் கறியை அது கெடுப்பதில்லை, நாற்றம் வராது, பிசுபிசுப்பு வராது என்பதும் அதனால்தான். முகர்ந்து பார்த்து ‘ஃப்ரெஷ்தான்’ என்று சொல்வது இங்கே உதவாது. ஃப்ரிட்ஜின் குளிரில் அது நாள்கணக்கில் உயிரோடு இருக்கும். உறைய வைத்தால் எண்ணிக்கை நன்றாகக் குறையும், முழுவதும் ஒழியாது. ஐஸ்லாந்தில் உறையவைக்காத கோழிக்கறி பரவலாக விற்பனைக்கு வந்தபின் நோய் எகிறி 1999இல் உச்சத்தைத் தொட்டது. கிருமி இருப்பது தெரிந்த பண்ணைகளின் கோழிகளை உறைய வைத்துத்தான் விற்க வேண்டும் என்பது உள்ளிட்ட நடவடிக்கைகள் வந்ததும் அடுத்த ஆண்டே வெகுவாகக் குறைந்தது.

கொதித்த கோழிக் குழம்பில் கேம்பிலோபாக்டர் பிழைக்காது. கறியின் உள்பகுதி 74 டிகிரியைத் தொட்டால் போதும். நம் வீடுகளில் ஆபத்து அடுப்பில் வைப்பதற்கு முந்தைய பத்து நிமிடத்தில் இருக்கிறது. குழாயைத் திறந்துவிட்டு கறியை அலசும்போது தெறிக்கும் துளிகள் சிங்க், மேடை, பக்கத்தில் இருக்கும் தட்டு வரைக்கும் போகும். பிரிட்டனின் உணவுத் தர அமைப்பு 2014இல் ‘பச்சைக் கோழியைக் கழுவாதீர்கள்’ என்றே பிரசாரம் செய்தது. மஞ்சள்தூளும் உப்பும் போட்டு நான்கு தடவை அலசுகிற நம் ஊரில் இதைச் சொன்னால் அடிக்க வருவார்கள், தெரியும். கழுவியே ஆக வேண்டுமென்றால் பாத்திரத்தில் தண்ணீர் எடுத்து, கறியை அதில் அமிழ்த்தி மெதுவாக அலசுங்கள். ஓடும் குழாய்க்கு நேரே பிடிக்க வேண்டாம். மஞ்சள் கிருமியைக் கொன்றுவிடும் என்ற கணக்கு வேண்டாம். அப்புறம் அந்தக் கத்தியிலும் பலகையிலும் வெங்காயமோ வெள்ளரியோ நறுக்குவதற்கு முன் சோப்பு போட்டுத் தேய்க்க வேண்டும், கையையும்தான். கறிக்கடைப் பையையும் கொத்தமல்லிக் கட்டையும் ஒரே பையில் போட்டுக்கொண்டு வருவதைத்தான் நான் அதிகம் பார்க்கிறேன். ஒழுகும் அந்த நீர் நேராகப் பச்சையாகச் சாப்பிடும் இலையில் இறங்குகிறது.

கிருமி உள்ளே போனால் பெரும்பாலும் இரண்டிலிருந்து ஐந்து நாளுக்குள் காய்ச்சல், வயிற்றைப் பிசையும் வலி, வயிற்றுப்போக்கு, சில சமயம் ரத்தம். நேற்றைய பிரியாணியைத் திட்டுவதற்கு முன் மூன்று நாளுக்கு முந்தைய சாப்பாட்டையும் நினைத்துப் பார்க்க வேண்டும். பெரும்பாலானோருக்கு உப்பு-சர்க்கரைக் கரைசலும் ஓய்வும் போதும், ஒரு வாரத்தில் தானாகவே சரியாகிவிடும். மருந்துக்கடையில் தானாகக் கேட்டு வாங்கும் சிப்ரோஃப்ளாக்சசின் என்ற ஆன்டிபயாடிக்குக்கு இந்தக் கிருமி உலகின் பல பகுதிகளில் கட்டுப்படுவதில்லை. சுமார் ஆயிரத்தில் ஒருவருக்கு, சில வாரங்கள் கழித்துக் காலில் தொடங்கி மேலேறும் தசைத் தளர்ச்சி வரலாம். கில்லன்-பாரே என்ற நரம்பு நோய் அது. வயிறு சரியானபின் கால் மரத்துத் தளர்ந்தால் அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும், அண்மையில் வயிற்றுப்போக்கு இருந்ததையும் சொல்ல வேண்டும்.

மலப் பரிசோதனைக்குச் சொன்னால் ஆன்டிபயாடிக் தொடங்கும் முன்பே மாதிரியைக் கொடுங்கள். ‘கேம்பிலோபாக்டரும் பார்க்க வேண்டும்’ என்று சீட்டில் எழுதச் சொல்லுங்கள். கிருமியை வளர்த்துப் பார்க்கும் வழக்கமான கல்ச்சர் சோதனையில் பல இடங்களில் அது சேர்வதில்லை. அரை நாள் மேசை மேல் கிடந்த டப்பா ஆய்வகத்துக்கு வந்து சேர்வதற்குள் கிருமி செத்திருக்கும், அறிக்கையில் ‘இல்லை’ என்று வரும்.