அம்மித்தின் பசி

லண்டன் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் அனி என்ற எகிப்திய எழுத்தருக்காகச் சுமார் 3,250 ஆண்டுகளுக்கு முன் எழுதப்பட்ட பாப்பிரஸ் சுருள் இருக்கிறது. அதில், இறந்தபின் அவர் சந்திக்கும் விசாரணைக் காட்சி. நடுவே ஒரு தராசு. ஒரு தட்டில் சின்னக் கலயம் போன்ற உரு. அதுதான் அனியின் இதயம். மறுதட்டில் ஓர் இறகு. குள்ளநரித் தலை கொண்ட கடவுள் அனுபிஸ் மண்டியிட்டுத் தராசு முள்ளைப் பார்க்கிறார். அரிவாள் மூக்கன் பறவையின் தலை கொண்ட இன்னொரு கடவுள் தோத், தீர்ப்பை எழுதத் தயாராக நிற்கிறார். அவர் முதுகுக்குப் பின்னால் அம்மித்: முதலைத் தலை, சிங்கத்தின் முன்னுடல், நீர்யானையின் பின்னுடல். நைல் கரைவாசி எதையெல்லாம் கண்டு ஓடுவானோ, எல்லாவற்றையும் ஒட்டுப்போட்ட உருவம்.

இதயம் இறகைவிட லேசாக இருந்தால் சொர்க்கம் என்று பல இடங்களில் படித்திருப்பீர்கள். ஓவியங்கள் அப்படிச் சொல்லவில்லை. தட்டுகள் சமமாகத்தான் நிற்கின்றன. இறகு என்பது 'மாஅத்'. உண்மை, நேர்மை, உலகின் ஒழுங்கு மூன்றுக்கும் எகிப்தியர் வைத்திருந்த ஒரே சொல் அது. இதயம் அதற்கு ஈடாக நிற்க வேண்டும், அவ்வளவுதான்.

ஏன் இதயம்? நினைவும் அறிவும் அங்கேதான் இருக்கின்றன என்று நம்பினார்கள். உடலைப் பதப்படுத்தும்போது நுரையீரல், கல்லீரல், இரைப்பை, குடல் ஆகியவற்றை எடுத்துத் தனியே பாதுகாத்தார்கள். மூளையை எடுத்து எறிந்துவிட்டார்கள். இதயத்தை மட்டும் நெஞ்சிலேயே விட்டார்கள். வாழ்நாள் முழுக்கக் கூடவே இருந்து எல்லாவற்றையும் பார்த்த சாட்சி அல்லவா!

தராசை அடைவதற்கும் வழி சுலபமில்லை. பாதாளத்தில் ஏழு வாயில்கள். ஒவ்வொன்றிலும் காவலன், கண்காணிப்பவன், வருகையை அறிவிப்பவன் என மூவர். கையில் கத்தி, விலங்குத் தலை, கேட்டாலே குமட்டும் பெயர்கள். இவர்களைப் பேய்கள் என்று மொழிபெயர்ப்பது வழக்கம். எனக்கு அது பொருத்தமாகப் படவில்லை. இவர்கள் யாரையும் பாவத்துக்குத் தூண்டுவதில்லை, கடவுளை எதிர்ப்பதுமில்லை. எதிர்ப்பது வேறொருவன்: சூரியனின் படகை இரவுதோறும் மறிக்கும் அபெப் என்ற மாபெரும் பாம்பு. வாயிலில் நிற்பவர்கள் வேலைக்காரர்கள். தகுதியற்றவரை உள்ளே விடாமல் இருப்பதே அவர்கள் வேலை. தகுதிக்கு அடையாளம், அவர்கள் பெயரைச் சரியாகச் சொல்வது. பெயர் தெரிந்தவனை அவர்களால் தொட முடியாது.

கடைசியில், தராசு இருக்கும் இரட்டை உண்மையின் மண்டபம். அதன் கதவும் சும்மா விடாது. தாழ்ப்பாள் தன் பெயரைக் கேட்கும். தரையோ, "உன் பாதங்களின் பெயர் தெரியாமல் என்மேல் மிதிக்க விடமாட்டேன்" என்று அடம்பிடிக்கும். உள்ளே 42 நீதிபதிகள். எலும்பை முறிப்பவன், நிழலை விழுங்குபவன், இரத்தம் உண்பவன் என்று பெயர்கள். ஒவ்வொருவரையும் பெயர் சொல்லி விளித்து, ஒவ்வொரு குற்றத்தை மறுக்க வேண்டும்: திருடவில்லை, கொல்லவில்லை, ஒட்டுக்கேட்கவில்லை. இதே மண்டபத்தில் சொல்லவேண்டிய இன்னொரு மறுப்புப் பட்டியலில், அளவையில் கள்ளம் செய்யவில்லை, ஓடும் நீரை மறித்து அணை போடவில்லை என்றெல்லாம் வருகின்றன. வெள்ளத்தையும் வாய்க்காலையும் நம்பிப் பிழைத்த நாட்டில் நீரை மறிப்பது பக்கத்து வயல்காரனின் வயிற்றில் அடிப்பது.

வாய் மறுத்துவிடும். இதயம் மறுக்குமா? அதுதான் பெரிய பயம். அதற்கும் ஏற்பாடு செய்தார்கள். பச்சைக் கல்லில் வண்டு உருவம் செதுக்கி, அடியில் ஒரு மந்திரம் பொறித்து, சடலத்தின் மார்பில் வைத்தார்கள். "என் தாய் தந்த இதயமே, எனக்கு எதிராகச் சாட்சி சொல்லாதே, தராசுக் காவலன் முன் என்னை எதிர்க்காதே" என்ற பொருளில் போகும் கெஞ்சல் அது. அனியின் தராசுக் காட்சியிலும் இதே மந்திரம் இருக்கிறது. சாட்சியைக் கலைப்பதுதான் இது என்று எனக்குத் தோன்றும். எகிப்தியருக்கு அப்படித் தோன்றவில்லை. மந்திரமும் ஒழுக்கமும் அவர்களுக்கு ஒரே மருந்தின் இரு சரக்குகள்.

தோற்றால்? நெருப்பு ஏரிகளும் கொதிக்கும் கொப்பரைகளும் பாதாளத்தைப் பற்றிய நூல்களில் உண்டு. ஆனால் அம்மித்தின் தண்டனை வேறு. இதயத்தைத் தின்றுவிடும். அதோடு ஆள் இல்லை, இரண்டாவது சாவு. ஜெயித்தவர் இறந்தோர் உலகின் அரசனான ஒசிரிஸ் முன் அழைத்துச் செல்லப்படுவார்.

அம்மித்துக்குக் கோயில் இல்லை, பூசை இல்லை. சுருள்களின் தராசுக் காட்சிகளில் அதற்கு இரை கிடைப்பதுமில்லை. காசு கொடுத்துச் சுருள் எழுதி வாங்கியவர் தோற்பதாக எந்த ஓவியர் வரைவார்? அனியின் சுருளில் தோத்தின் தீர்ப்பைக் கேட்ட தெய்வங்கள், அம்மித்துக்கு அனிமேல் அதிகாரம் கிடையாது என்று அறிவித்துவிடுகின்றன. அந்தச் சுருளின் சில பகுதிகள் முன்கூட்டியே எழுதித் தயாராக இருந்தவை. பெயருக்கு விட்டிருந்த இடத்தில் வேறொரு கை 'அனி' என்று நிரப்பியிருக்கிறது.