உங்கள் வீட்டை வேறொருவர் விற்க முடியுமா? தமிழ்நாட்டில் போலிப் பத்திரமும் பதிவு விதிகளும்

பத்திரம் பதிவாகிவிட்டது, அரசு முத்திரை விழுந்துவிட்டது, இனி யாரும் அசைக்க முடியாது என்றுதான் நம்மில் பலர் நிம்மதியாக இருக்கிறோம். 1908-ஆம் ஆண்டின் பதிவுச் சட்டம் அப்படி ஒரு உறுதியைத் தருவதே இல்லை. எழுதிக் கொடுப்பவர் என்று வந்து நிற்பவர் உண்மையில் அவர்தானா, எழுதிக் கொடுத்ததை ஒப்புக்கொள்கிறாரா, முத்திரைத் தீர்வை சரியாகக் கட்டப்பட்டிருக்கிறதா என்பதைத்தான் சார்பதிவாளர் பார்ப்பார். சொத்து அவருக்குச் சொந்தமா என்று விசாரித்து முடிவு சொல்வது சிவில் நீதிமன்றத்தின் வேலை. மோசடிக்காரர்கள் புகுந்து விளையாடுவது இந்த இடைவெளியில்தான்.

குடியிருக்கும் வீட்டைவிட வேலி போடாத காலி மனைக்கும், வெளிநாட்டிலோ வெளியூரிலோ இருப்பவர்களின் பூட்டிய வீட்டுக்கும், தாத்தா பெயரிலேயே பட்டா கிடக்கும் பங்கு பிரிக்காத சொத்துக்கும்தான் ஆபத்து அதிகம். உரிமையாளர் பெயரில் போலி அடையாள அட்டை செய்து வேறு ஆளை நிறுத்துவது ஒரு வழி. இறந்தவருக்கு இல்லாத வாரிசை உருவாக்கி வாரிசுச் சான்று தயாரிப்பது இன்னொன்று. அப்புறம் அந்த ஆள் தன் சொந்தக்காரர் ஒருவருக்கு செட்டில்மெண்ட் (பணம் வாங்காமல் சொத்தை எழுதிக் கொடுக்கும் பத்திரம்) எழுதுவார், அவர் மூன்றாம் நபருக்குக் கிரையம் செய்வார். இரண்டு மூன்று பத்திரம் சங்கிலியாகச் சேர்ந்துவிட்டால் பார்ப்பவர்களுக்கு எல்லாம் ஒழுங்காக இருப்பதுபோலவே தெரியும். ஊரில் ‘டபுள் டாக்குமெண்ட்’ என்று சொல்வது இதைத்தான்.

பத்திரத்தை யாருக்கும் காட்டாமல் பீரோவில் பூட்டி வைத்தால் போதும் என்பது தவறான நம்பிக்கை. பதிவுச் சட்டத்தின் 57-ஆம் பிரிவின்படி, சொத்துப் பத்திரங்கள் பதிவாகும் முதல் புத்தகத்தை யார் வேண்டுமானாலும் கட்டணம் செலுத்திப் பார்க்கலாம், சான்றிட்ட நகலும் வாங்கலாம். உங்கள் சர்வே எண், நான்கெல்லை, அளவு எல்லாம் அதில் இருக்கும். அதே கதவு உங்களுக்கும் திறந்துதான் இருக்கிறது, அதைப் பயன்படுத்துவதுதான் முதல் பாதுகாப்பு.

அதாவது வில்லங்கச் சான்று, எல்லோரும் சொல்லும் ஈசி. ஒரு சொத்தின் மீது என்னென்ன பத்திரங்கள் பதிவாகியிருக்கின்றன என்ற பட்டியல் அது. வாங்கும்போது ஒரு தடவை போட்டுப் பார்த்துவிட்டு அதோடு மறந்துவிடுகிறோம். பதிவுத்துறையின் இணையதளத்தில் கட்டணமில்லாமலே வில்லங்கம் பார்க்கலாம். பெரும்பாலான அலுவலகங்களுக்கு 1975 முதலான பதிவுகள் அதில் கிடைக்கும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை பார்ப்பதை வழக்கமாக்கிக்கொள்ளுங்கள். நான் கரண்ட் பில் கட்டும் நாளில் பார்த்துவிடுவேன், பத்து நிமிடம் ஆகும்.

எப்படித் தேடுகிறோம் என்பதில்தான் சூட்சுமம். உங்கள் சர்வே எண் 112/3பி என்று வைத்துக்கொள்வோம். அதை மட்டும் தேடினால் போதாது. உட்பிரிவு ஆவதற்கு முந்தைய 112/3 என்ற எண்ணிலும் தேட வேண்டும். போலிப் பத்திரம் பழைய எண்ணில் எழுதப்பட்டிருந்தால், புதிய எண்ணைப் போட்டு எடுத்த வில்லங்கத்தில் அது தெரியாமலே போகும். நகரத்தில் நகர அளவை எண், வார்டு, பிளாக் மூன்றையும் போட்டுப் பார்க்க வேண்டும். சார்பதிவாளர் அலுவலகம் பிரிக்கப்பட்டு உங்கள் கிராமம் வேறு அலுவலகத்துக்குப் போயிருந்தால் இரண்டு இடத்திலும் தேட வேண்டும். 1975-க்கு முந்தைய காலத்துக்கு அலுவலகத்திலேயே மனுப்போட்டு எடுக்க வேண்டியிருக்கும்.

எங்கள் பெரியப்பா மனைக்கு ஒருமுறை இப்படித் தேடியபோது, யாரோ ஒருவர் எழுதிய கிரையம் அதே சர்வே எண்ணில் வந்து நின்றது. வீடே கலங்கிப் போனது. நகல் எடுத்துப் பார்த்தால் பக்கத்து மனைக்காரர் விற்றது, உட்பிரிவு எழுத்தை மாற்றித் தட்டச்சு செய்திருக்கிறார்கள். அவரிடம் பேசி பிழைத்திருத்தல் பத்திரம் போட வைத்தோம். ஆகவே தெரியாத பதிவு வந்தவுடன் போலீசுக்கு ஓடாமல், முதலில் அந்தப் பத்திர எண்ணுக்கு நகல் எடுங்கள்.

வில்லங்கத்திலும் எல்லாம் வராது. பதிவு செய்யாத உயிலும் ஒப்பந்தமும் அதில் தெரியாது. பவர் பத்திரத்தை, அதாவது உங்கள் சார்பில் செயல்பட இன்னொருவருக்கு அதிகாரம் தரும் பத்திரத்தை, தனியாகக் கவனிக்க வேண்டும். சொத்தை விற்கும் அதிகாரம் தரும் பவரைப் பதிவு செய்வது தமிழ்நாட்டில் கட்டாயம். பவர் கொடுத்தவர் இறந்துவிட்டால், பொதுவாக அந்தப் பவரும் செத்துவிடும். பவரை மட்டும் வைத்து உரிமை மாறாது என்று உச்ச நீதிமன்றம் 2011-இல் தெளிவாகச் சொல்லிவிட்டது. வெளிநாட்டில் இருப்பவர்கள் ‘எல்லா அதிகாரமும்’ என்று பொதுப் பவர் கொடுக்காமல், வாடகை வசூல், வரி கட்டுதல் என்று வேலையைக் குறிப்பிட்டுக் கொடுங்கள். வேலை முடிந்ததும் ரத்துப் பத்திரம் பதிந்துவிடுங்கள்.

பட்டாவையும் வருவாய்த் துறை இணையதளத்தில் அவ்வப்போது பாருங்கள். உட்பிரிவு தேவைப்படாத சொத்துகளில் பத்திரம் பதிவானதும் பட்டா தானாகவே மாறும் ஏற்பாடு இப்போது உள்ளது. வசதிதான், ஆனால் போலிப் பத்திரத்துக்கும் அதே வசதி கிடைத்துவிடலாம். பெற்றோர் காலமாகியிருந்தால் வாரிசுச் சான்று வாங்கிப் பட்டாவை உங்கள் பெயர்களுக்கு மாற்றுங்கள். வீட்டுவரி, மின் இணைப்பு ரசீதுகளைப் பத்திரமாக வையுங்கள். அனுபவம் யாரிடம் இருக்கிறது என்று நீதிமன்றத்தில் காட்ட அவைதான் கைகொடுக்கும்.

சரி, அரசு என்ன செய்திருக்கிறது? பதிவுச் சட்டத்தில் தமிழ்நாடு கொண்டுவந்த திருத்தம் 2022 ஆகஸ்ட் 16 முதல் நடைமுறைக்கு வந்தது. அதன் 22-பி பிரிவின்படி போலியான ஆவணத்தைப் பதிய சார்பதிவாளர் மறுக்க வேண்டும். 77-ஏ பிரிவு, ஏற்கெனவே பதிவான போலிப் பத்திரத்தை மாவட்டப் பதிவாளரே ரத்து செய்யலாம் என்றது. ஏராளமானோர் மனுக் கொடுத்தார்கள். ஆனால் உரிமைச் சிக்கலை விசாரிப்பது நீதிமன்றத்தின் அதிகாரம் என்று சொல்லி, சென்னை உயர் நீதிமன்றம் 2024-இல் 77-ஏ பிரிவைச் செல்லாது என அறிவித்தது. சொத்து வந்த வழியைக் காட்டும் அசல் மூலப் பத்திரத்தைக் காட்டினால்தான் பதிவு என்று சொன்ன, தமிழ்நாடு பதிவு விதிகளின் 55-ஏ விதியின் பகுதியையும் உச்ச நீதிமன்றம் 2025 ஏப்ரலில் ரத்து செய்தது. அதையடுத்து அந்த நிபந்தனையைச் சட்டத்திலேயே சேர்க்கும் மசோதாவைச் சட்டமன்றம் நிறைவேற்றியது. மக்கள் பக்கமிருந்து பார்த்தால் 77-ஏ போனது இழப்புதான். ஆனால் அதிகாரி ஒருவர் சில மாத விசாரணையில் ஒரு குடும்பத்தின் உரிமையை முடிவு செய்வதும் அவ்வளவு சரியாகப் படவில்லை.

போலிப் பத்திரம் உறுதியானால், சான்றிட்ட நகலோடு மாவட்டக் குற்றப் பிரிவில் புகார் கொடுங்கள். சென்னையில் மத்தியக் குற்றப் பிரிவு. ஆள்மாறாட்டம் செய்தவருக்குப் பதிவுச் சட்டத்தின் 82-ஆம் பிரிவில் 7 ஆண்டு வரை சிறை உண்டு. 2024 ஜூலை 1-க்குப் பிந்தைய குற்றங்களுக்கு பாரதிய நியாய சன்ஹிதாவின் பிரிவுகளும் சேரும். மாவட்டப் பதிவாளருக்கும் ஒரு மனு அனுப்புங்கள். பத்திரத்தை ரத்து செய்ய முடியாவிட்டாலும், குற்ற வழக்குத் தொடர 83-ஆம் பிரிவு பதிவுத்துறைக்கு அதிகாரம் தருகிறது. பட்டா மாறியிருந்தால் வருவாய்க் கோட்டாட்சியரிடம் மேல்முறையீடு செய்யுங்கள்.

இவை எதுவும் சிவில் வழக்குக்கு மாற்று ஆகாது. பத்திரம் உங்களைக் கட்டுப்படுத்தாது என்ற விளம்புகையும் (நீதிமன்றத்தின் அறிவிப்பு), சொத்தை மேற்கொண்டு விற்காமலிருக்க இடைக்காலத் தடையும் கேட்டு வழக்குப் போட வேண்டும். தடை உத்தரவு வந்த அன்றே அதன் நகலைச் சார்பதிவாளர் அலுவலகத்தில் கொடுத்து ஒப்புகை வாங்கிவிடுங்கள். பதிவின்போது எடுத்த கைரேகையும் புகைப்படமும் அலுவலகத்தில் இருக்கும். அவற்றை நீதிமன்றம் வழியாக வரவழைத்து நிபுணர் ஒப்பீட்டுக்கு அனுப்பக் கேட்கலாம். ஆள்மாறாட்ட வழக்கில் இதைவிட வலுவான சாட்சியம் குறைவு. பத்திரத்தை ரத்து செய்யக் கோருவதற்கான காலக்கெடு, விஷயம் உங்களுக்குத் தெரியவந்த நாளிலிருந்து 3 ஆண்டுகள். எனவே எந்தத் தேதியில் வில்லங்கம் பார்த்து இதைக் கண்டுபிடித்தீர்கள் என்பதை அந்தப் பிரதியின் மேலேயே எழுதி வையுங்கள்.