பாதை போய்ப் பாலம் வந்த பிறகு

முன்பெல்லாம் திருகோணமலையிலிருந்து கிண்ணியாவுக்குப் போக 'பாதை' ஏற வேண்டும். இலங்கையின் கிழக்கில் பாதை என்றால் நடக்கும் வழி மட்டுமல்ல, ஆட்களையும் வாகனங்களையும் ஏற்றி நீரைக் கடக்கும் மிதவைக்கும் அதுதான் பெயர். 2009இல் 396 மீற்றர் நீளமான கிண்ணியாப் பாலம் திறக்கப்பட்டது. இரண்டு ஊர்களும் இருந்த இடத்தில்தான் இருக்கின்றன, சுருங்கியது நேரம். காணி வாங்க வருகிறவர் "டவுனுக்கு எத்தனை நிமிசம்?" என்றுதானே கேட்கிறார்?

இதைத்தான் திட்டமிடுவோர் அணுகுதிறன் என்கிறார்கள். வேலைக்கும் கடைக்கும் சுலபமாகப் போய்வரக்கூடிய வெற்றுக் காணியில் வீடுகள் விரைவாக முளைக்கும் என்று 1959இல் வால்டர் ஹான்சன் என்ற திட்டமிடல் ஆய்வாளர் கணக்குப் போட்டுக் காட்டினார். வீடு வந்தால் வாகனம் வரும், வாகனம் கூடினால் வீதியை அகலமாக்கச் சொல்வோம், அகன்ற வீதி இன்னும் தள்ளியுள்ள காணிக்கு ஆள் கூட்டிவரும்.

சுற்று ஒன்றுதான், அதைப் பார்க்கும் கந்தோர்கள்தான் பல. ஏ, பி தர வீதிகள் வீதி அபிவிருத்தி அதிகாரசபைக்கு, சி, டி தர வீதிகள் மாகாணத்துக்கு, ஒழுங்கைகள் உள்ளூராட்சி சபைக்கு. மாகாணத்துக்குள் ஓடும் தனியார் பஸ்ஸுக்கு ஒரு இடத்தில் அனுமதி, மாகாணம் தாண்டினால் தேசிய போக்குவரத்து ஆணைக்குழு. ரயில் தனித் திணைக்களம். நகர்ப்புறக் காணியில் எதைக் கட்டலாம் என்பதற்கு 1978ஆம் ஆண்டுச் சட்டத்தில் பிறந்த நகர அபிவிருத்தி அதிகாரசபை.

இவர்களை இணைக்கும் கருவிகளில் எனக்குப் பிடித்தது, பார்க்க மிகச் சாதாரணமான கட்டிட எல்லைக் கோடு. கடை கட்டப் போகிறவரின் வளவில் டேப் பிடித்து, "இதற்கு இங்கால கட்டக்கூடாது" என்று காட்டுவார்களே, அதுதான். இன்றைய கட்டிட அனுமதிக்குள் நாளைய வீதியின் அகலம் ஒளிந்திருக்கிறது. கோட்டைத் தாண்டிப் படி கட்டிவிட்டால், பிறகு வீதியை அகலமாக்கும்போது இடிப்பு, நட்டஈடு, வழக்கு என்று நீளும்.

வலயப்படுத்தல் இன்னொன்று, எந்தப் பகுதியில் குடியிருப்பு, எங்கே வணிகம் என்று பிரிப்பது. அதையே வாகனத் தரிப்பிடத்தோடு சேர்த்துக் கட்டிப் பார்த்தது நெதர்லாந்து. 1980களின் இறுதியில் வந்த அந்தக் கொள்கைப்படி, ஆள் நிறைய வந்துபோகும் அலுவலகம் ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் வரவேண்டும், ஆனால் கார் நிறுத்த இடம் கொஞ்சம்தான். லொறி ஓடும் தொழில்கள் நெடுஞ்சாலை ஓரத்துக்கு. யோசனை அருமை. ஆனால் கம்பனிகள் பக்கத்து ஊருக்குப் போய்விடுமோ என்ற பயத்தில் நகரசபைகள் பிடியைத் தளர்த்தின, கொள்கையும் பின்னர் கைவிடப்பட்டது.

திருகோணமலையிலும் ரயில் நிலையம் உண்டு, தண்டவாளம் முடிவதே இங்கேதான். அதன் அருகே ஒரு பெரிய அலுவலகம் வருகிறது என்று வைத்துக்கொள்வோம். கட்டிட அனுமதி கொடுக்கிறவர், ரயில் வரும் நேரத்துக்குப் பஸ் விடச் சொல்லிக் கேட்கப் போகவேண்டிய கதவு வேறு.