லினக்ஸ் ஏன் தன்னை விண்டோஸ் என்கிறது?

"லினக்ஸ் போட்டதிலிருந்து, கணினியை இயக்கும்போதெல்லாம் 'ஏசிபிஐ பயாஸ் எரர்' என்று ஒரு வரி ஓடி மறைகிறது. மதர்போர்டு போய்விட்டதா?" என்று ஒரு வாசகர் கேட்கிறார். பெரும்பாலும் இல்லை. மதர்போர்டிலேயே பதிந்து வரும் நிரலான ஃபர்ம்வேரை எழுதியவர் செய்த பிழையை, லினக்ஸ் இயங்குதளத்தின் மையப்பகுதியான கர்னல் சொல்லிக்காட்டுகிறது, அவ்வளவுதான். பேட்டரி, விசிறி, ஸ்லீப் எல்லாம் ஒழுங்காக இருந்தால் அந்த வரியைக் கண்டுகொள்ள வேண்டாம்.

பவர் பட்டனை அழுத்தியதும் முதலில் ஓடுவது ஃபர்ம்வேர். மெமரியைத் தயார் செய்து, வட்டைத் தேடிப் பிடித்து, இயங்குதளத்தை ஏற்றிவிடும். 1981-ல் ஐபிஎம் பிசியோடு வந்த பயாஸ் என்ற ஃபர்ம்வேரின் இடத்தில் இன்று யூஈஎஃப்ஐ இருக்கிறது. அதற்கான விதிகளை 2005-ல் தொடங்கிய யூஈஎஃப்ஐ ஃபோரம் வெளியிடுகிறது. 1996-ல் இன்டெல், மைக்ரோசாஃப்ட், தோஷிபா சேர்ந்து கொண்டுவந்த ஏசிபிஐ-யும் (மின்சக்தியையும் வன்பொருளையும் இயங்குதளம் கையாள்வதற்கான விதிமுறை) இப்போது அதன் பொறுப்பில்தான்.

சுவாரஸ்யமெல்லாம் ஏசிபிஐ-யில்தான். பேட்டரியில் எவ்வளவு மிச்சம், மூடியைச் சாத்தினால் எந்த சிக்னல் வரும் என்பதெல்லாம் மாடலுக்கு மாடல் மாறும். இயங்குதளத்துக்கு அது எப்படித் தெரியும்? ஃபர்ம்வேர் சில அட்டவணைகளை மெமரியில் வைத்துவிடுகிறது. பல அட்டவணைகளில் இருப்பது வெறும் தகவல். டிஎஸ்டிடி போன்ற சிலவற்றில் நிரலே இருக்கும். ஏஎம்எல் என்ற பைட்கோடில் (செயலி நேரடியாக ஓட்டாத இடைநிலை வடிவம்) உள்ள அந்த நிரலைக் கர்னல்தான் படித்து ஓட்டுகிறது. அதாவது, கணினியைச் செய்த நிறுவனம் எழுதிய நிரல் உங்கள் கர்னலுக்குள் ஓடுகிறது!

அந்த நிரல், தன்னை ஓட்டும் இயங்குதளத்திடம் ஓஎஸ்ஐ என்ற அழைப்பின் மூலம் ஒரு கேள்வி கேட்கலாம். "உனக்கு 'விண்டோஸ் 2009' தெரியுமா?" விண்டோஸ் 7-க்கான பெயர் அது, 'விண்டோஸ் 2015' என்றால் விண்டோஸ் 10. லினக்ஸ் கூசாமல் தெரியும் என்று தலையாட்டும். சரி, "லினக்ஸ் தெரியுமா?" என்று கேட்டால்? தெரியாது என்று கையை விரித்துவிடும். 2007-ல் வந்த 2.6.23 கர்னலிலிருந்து இதுதான் வழக்கம்.

பொய்தான், ஆனால் காரணமுள்ள பொய். தயாரிப்பாளர் விண்டோஸுக்கான பாதையைத்தான் ஓட்டிப் பார்த்திருப்பார். லினக்ஸுக்கென்று எழுதிய கிளை ஏதோ ஒரு பழைய கர்னல் கோளாறுக்கு வைத்த ஒட்டாக இருக்கும். கோளாறு சரியான பிறகும் ஒட்டு அங்கேயே கிடக்கும். விதிப்புத்தகம் ஆயிரக்கணக்கான பக்கம் இருந்தாலும், நடைமுறையில் 'விண்டோஸ் கிளம்பிவிட்டதா?' என்பதே விதியாகிவிடுகிறது.

இந்த நழுவலைப் பிடிக்கத்தான் சோதனைக் கருவிகள். கனோனிக்கல் தொடங்கிய திறமூலக் கருவியான எஃப்டபிள்யூடிஎஸ், லினக்ஸிலிருந்தே அட்டவணைகளை அலசும். அட்டவணை சிதைந்திருக்கிறதா என்று அறிய அதன் பைட்டுகளைக் கூட்டி, கடைசி எட்டு பிட்டும் பூஜ்யமா என்று பார்க்கும். 'லினக்ஸ் தெரியுமா?' என்ற கேள்வி டிஎஸ்டிடிக்குள் ஒளிந்திருக்கிறதா என்று தேடவும் அதில் தனிச் சோதனை உண்டு. தவறு கண்டால் ஏன் தவறு என்று ஆலோசனையும் எழுதிவைக்கும். யூஈஎஃப்ஐ ஃபோரத்தின் எஸ்சிடி என்ற சோதனைத் தொகுப்பு வேறு ரகம்: இயங்குதளம் ஏறும் முன்பே ஃபர்ம்வேரை அழைத்து, வேண்டுமென்றே தப்பான மதிப்புகளைக் கொடுத்து, முறைப்படி பிழைக்குறியீடு திருப்புகிறதா, திணறி நிற்கிறதா என்று பார்க்கும்.

ஆனால் எஸ்சிடி என்பது தயாரிப்பாளர் தனக்குத் தானே வைத்துக்கொள்ளும் பரீட்சை. விடைத்தாள் பெரும்பாலும் வெளியே வருவதில்லை. என்னைக் கேட்டால், பொதுப்பணத்தில் மொத்தமாகக் கணினி வாங்குகிற எவரும் டெண்டரிலேயே எஃப்டபிள்யூடிஎஸ் அறிக்கையைக் கேட்க வேண்டும். கருவி இலவசம், ஓட்டுவதற்கு ஒரு பென் டிரைவ் போதும்.