பச்சை டிக் படம் கையெழுத்து ஆகாது

மன்னார்குடி, கும்பகோணம் பக்கத்து அரிசி ஆலைகளுக்கும் உரக்கடைகளுக்கும் பில்லிங் மென்பொருள் எழுதித் தருவது என் தொழில். இப்போது போகிற இடமெல்லாம் ஒரே கேள்வி: "பில்லு பிடிஎஃப்ல ஓனர் கையெழுத்து தானா விழணும் சார், முடியுமா?" பல இடங்களில் அது ஏற்கெனவே விழுந்துகொண்டுதான் இருக்கிறது. ஸ்கேன் செய்த கையெழுத்து, பக்கத்தில் பச்சை டிக், கீழே தேதி. மூன்றும் வெறும் படம். யார் வேண்டுமானாலும் வெட்டி எடுத்து வேறு பில்லில் ஒட்டிக்கொள்ளலாம்.

2000-ஆம் ஆண்டின் தகவல் தொழில்நுட்பச் சட்டம் சொல்லும் டிஜிட்டல் கையெழுத்து வேறு. கையெழுத்திட்ட ஒரு பிடிஎஃப்பை நோட்பேடில் திறந்து ஆங்கிலத்தில் 'ByteRange' (பைட்ரேஞ்ச்) என்று தேடுங்கள். 0, 12040, 28426, 3120 என்கிற மாதிரி நான்கு எண்கள் இருக்கும். தொடக்கத்திலிருந்து 12040 பைட், அப்புறம் 28426-இல் தொடங்கி 3120 பைட், இவ்வளவுக்கும்தான் கையெழுத்து. நடுவில் விட்ட இடைவெளியில் கையெழுத்தே உட்கார்ந்திருக்கும். நம் நிரல் அந்த இரண்டு பகுதிகளுக்கும் எஸ்எச்ஏ-256 ஹாஷ் (உள்ளடக்கத்தின் கைரேகை மாதிரி ஒரு சுருக்க எண்) போட்டு யுஎஸ்பி டோக்கனுக்கு, அதாவது கையெழுத்துக்காரரின் சான்றிதழும் சாவியும் இருக்கும் பென்டிரைவ் மாதிரிக் கருவிக்கு, அனுப்புகிறது. டோக்கன் தனக்குள் இருக்கும் ரகசியச் சாவியால் கையெழுத்திட்டுத் திருப்பித் தருகிறது. சாவி வெளியே வருவதே இல்லை.

இது புரிந்தால் பாதித் தொல்லை தீரும். ஓர் ஆலையிலிருந்து போன பில்கள் எல்லாம் 'செல்லாது' என்று திரும்பி வந்தன. டோக்கனும் சரி, நிரலும் சரி. பில் போடுகிற பெண், மெயிலில் போக வேண்டுமே என்று ஏதோ இணையதளத்தில் கொடுத்து அளவைக் குறைத்து அனுப்பியிருந்தார். அளவைக் குறைத்தால் பைட்டுகள் மாறிவிடும், கையெழுத்து பொருந்தாது. பாவம், அவருக்கு யார் சொன்னார்கள்? அளவைக் குறைப்பது, இ-வே பில்லோடு சேர்ப்பது, பக்க எண் போடுவது எல்லாவற்றையும் முடித்துவிட்டுக் கடைசியாகக் கையெழுத்து. இரண்டாவது ஆள் கையெழுத்திட வேண்டுமானால் பழைய பைட்டுகளைத் தொடாமல் கோப்பின் வாலில் சேர்க்க வேண்டும். பிடிஎஃப்பாக்ஸ் என்கிற ஜாவா நிரல் நூலகத்தில் வழக்கமான 'சேவ்' கோப்பையே திருப்பி எழுதிவிடும். 'சேவ் இன்க்ரிமென்டல்' தான் வேண்டும்.

கையெழுத்திடும் நிரல் எழுத, ஜாவாவுக்கு பிடிஎஃப்பாக்ஸ், பைத்தானுக்கு பைஹாங்கோ என்கிற நூலகம் போதும். ஐடெக்ஸ்ட் நல்ல நூலகம்தான். ஆனால் அதன் இலவச உரிமம் ஏஜிபிஎல்; மூலநிரலைக் கொடுக்காமல் மென்பொருளை விற்பவர்கள் காசு கொடுத்து உரிமம் வாங்க வேண்டும்.

என்னைப் பயமுறுத்துவது டோக்கனைத் திறக்கும் ரகசிய எண்தான் (PIN). முதலாளி சிங்கப்பூரில், டோக்கன் ஆடிட்டர் ஆபீஸ் டிராயரில், ரகசிய எண் அதன் மேலேயே ஸ்டிக்கரில். அல்லது நிரலுக்குள்ளேயே மறைக்காமல் அப்படியே எழுதி வைத்திருப்பார்கள். இந்த நிலையில் யார் கையெழுத்திட்டாலும் அது முதலாளி போட்டதாகவே நிற்கும். சாவியைத் தன் கட்டுப்பாட்டில் வைத்திருப்பது சான்றிதழ்தாரரின் கடமை என்கிறது சட்டத்தின் 42-ஆம் பிரிவு. கைமீறிப் போனால் சான்றிதழ் கொடுத்த நிறுவனத்துக்கு உடனே தெரிவிக்கவும் சொல்கிறது. பில் போட ஒருவர் வேண்டுமானால் அவர் பெயரிலேயே ஒரு சான்றிதழ் வாங்கி, நிறுவனத்தின் சார்பில் கையெழுத்திட அதிகாரக் கடிதம் கொடுங்கள்.

வாங்குகிறவர் பக்கம் மஞ்சள் கேள்விக்குறி வந்தால் பதற வேண்டாம். பெரும்பாலும், அவருடைய பிடிஎஃப் ரீடர் இந்தியாவின் மூலச் சான்றிதழை (மற்றச் சான்றிதழ்களுக்கெல்லாம் அடிப்படையானதை) நம்பவில்லை என்றுதான் பொருள். சான்றிதழ் கொடுக்கும் நிறுவனங்களைக் கட்டுப்படுத்தும் மத்திய அரசு அமைப்பான சிசிஏ-வின் தளத்திலிருந்து அதை எடுத்து ரீடரில் சேர்த்தால் சரியாகும். வந்த பில்லுக்குள் இருக்கும் சான்றிதழையே 'நம்பு' என்று அழுத்தி வைக்காதீர்கள். உங்கள் வியாபாரி பெயரில் ஒரு போலிச் சான்றிதழை எவரும் இலவசமாகவே உண்டாக்கிக்கொள்ளலாம்.

நிரல் எழுதுபவர்களுக்கு இன்னொன்று: கையெழுத்திட்ட நேரத்துக்கு வெளியிலிருந்து சாட்சி சொல்லும் நேரமுத்திரை சேவையகத்தின் (டைம்ஸ்டாம்ப் சர்வர்) முகவரியையும் கொடுத்துவிடுங்கள். இல்லையென்றால் கோப்பில் பதிவாவது ஆலைக் கணினியின் கடிகார நேரம். அதை யாரும் பின்னுக்குத் தள்ளிவைக்கலாம்.