தேர்வு எழுதினால்தான் வேலை: ஒரு நடைமுறை ஊர் ஊராகப் பரவிய கதை

1881 ஜூலை 2 அன்று வாஷிங்டன் ரயில் நிலையத்தில் அமெரிக்க அதிபர் ஜேம்ஸ் கார்ஃபீல்டைச் சார்லஸ் கிட்டோ என்பவன் சுட்டான். தேர்தலில் கட்சிக்கு உழைத்ததற்குக் கைமாறாகப் பாரிஸ் தூதரகத்தில் பதவி கிடைக்கும் என்று நம்பி அலுவலகம் அலுவலகமாக அலைந்தவன் அவன். பதவி கிடைக்கவில்லை. செப்டம்பர் 19 அன்று கார்ஃபீல்ட் இறந்துபோனார்.

கிட்டோவின் மனநிலை சரியாக இருந்ததா என்பது அவனது வழக்கிலேயே பெரிய விவாதமானது. ஆனால் அவனுடைய எதிர்பார்ப்பு அன்றைய அமெரிக்காவில் விசித்திரமானதல்ல. ஜெயித்த கட்சி தபால் குமாஸ்தா வரைக்கும் தன் ஆட்களை நிரப்புவதுதான் வழக்கம். கொலை எழுப்பிய கோபத்தில் 1883 ஜனவரியில் பெண்டில்டன் சட்டம் வந்தது. மத்திய அரசு வேலைகளில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கை அது தேர்வுக்குள் கொண்டுவந்தது. சட்டத்தை எழுதியவர் டார்மன் ஈட்டன். பிரிட்டனின் அரசுப் பணி முறையை ஆராய்ந்து 1880இல் நூல் வெளியிட்டவர். அந்தப் பிரிட்டனோ இந்தியாவை ஆள அனுப்பும் அதிகாரிகளை 1855 முதல் லண்டனில் திறந்த போட்டித் தேர்வு வைத்தே எடுத்துக்கொண்டிருந்தது.

பெண்டில்டன் சட்டம் நகராட்சிகளைக் கட்டுப்படுத்தவில்லை. அப்படியிருந்தும் அடுத்த ஐம்பது ஆண்டுகளில் நகரம் நகரமாகத் தேர்வு முறை பரவியது. ஏன் பரவியது? அமைப்புகளை ஆராயும் சமூகவியலின் மிக நல்ல ஆய்வுகளில் ஒன்று இந்தக் கேள்வியிலிருந்துதான் பிறந்தது.

பமீலா டோல்பர்ட், லின் ஜக்கர் என்ற இரு சமூகவியலாளர்கள் 1880 முதல் 1935 வரை 167 நகரங்கள் எப்போது இந்த முறைக்கு மாறின என்று கணக்கெடுத்து 1983இல் வெளியிட்டார்கள். மாநிலச் சட்டமே கட்டாயப்படுத்திய இடங்களில் மாற்றம் சட்டென்று நடந்தது. அதில் வியப்பில்லை. கட்டாயம் இல்லாத இடங்களில்தான் விஷயம் இருக்கிறது. முதலில் மாறிய நகரங்களுக்குத் தெளிவான காரணங்கள் இருந்தன. நகரத்தின் அளவு, வெளிநாட்டில் பிறந்தவர்களின் விகிதம் போன்ற தன்மைகளைப் பார்த்தே எந்த நகரம் மாறும் என்று ஊகிக்க முடிந்தது. குடியேறிகளுக்கு வேலை கொடுத்து வாக்கு வாங்கும் கட்சி இயந்திரத்தோடு அங்கே மோதல் நடந்துகொண்டிருந்தது. தேர்வு அந்த மோதலில் ஓர் ஆயுதம்.

காலம் போகப் போக இந்தத் தொடர்பு தேய்ந்துவிட்டது. பின்னால் மாறிய நகரங்களை அவற்றின் தன்மைகளை வைத்து ஊகிக்கவே முடியவில்லை. அந்தப் பிரச்சினை இருந்த ஊரும் மாறியது, இல்லாத ஊரும் மாறியது. ஒழுங்கான நகராட்சி என்றால் தேர்வு வைக்கும் என்ற எண்ணம் ஊன்றிவிட்டது. தேர்வு வைக்காத நகராட்சிதான் இப்போது காரணம் சொல்ல வேண்டியிருந்தது.

ஒரே நடைமுறை, ஆனால் முன்னே ஏற்றவர்கள் தேவைக்காக ஏற்றார்கள், பின்னே ஏற்றவர்கள் மதிப்புக்காக ஏற்றார்கள். அமைப்புகளின் வடிவத்தைச் சமூக நம்பிக்கைகளைக் கொண்டு விளக்கும் நிறுவனக் கோட்பாட்டின் உயிர்நாடி இதுதான். ஓர் அமைப்பு ஏன் இப்படி இருக்கிறது என்று கேட்டால், வேலை திறமையாக நடப்பதற்காக என்பதே வழக்கமான பதில். ஜெர்மன் சமூகவியலாளர் மாக்ஸ் வெபரும் நவீன அலுவலகத்தின் எழுச்சியைப் பெருமளவு அப்படித்தான் விளக்கினார். 1977இல் ஜான் மேயர், பிரையன் ரோவன் என்ற சமூகவியலாளர்கள் எழுதிய கட்டுரை அந்தப் பதிலை அசைத்துப் பார்த்தது. அமைப்புகள் பிழைக்கப் பணமும் ஆளும் மட்டும் போதாது, சுற்றியிருப்பவர்களின் நம்பிக்கையும் வேண்டும். ஆகவே சமூகம் எதை முறையானது என்று நம்புகிறதோ அந்த வடிவத்தை அவை எடுத்துக்கொள்கின்றன, வேலைக்கு அது உதவினாலும் உதவாவிட்டாலும்.

1983இல் பால் டிமாஜியோவும் வால்டர் பவலும், ஒரே துறையில் இருக்கும் அமைப்புகள் ஏன் அச்சு அசலாக ஒன்றுபோல ஆகிவிடுகின்றன என்று கேட்டார்கள். அவர்கள் சொன்ன மூன்று விசைகளும் நம் நகராட்சிக் கதையிலேயே இருக்கின்றன. 1883இல் நியூயார்க் மாநிலமும் 1884இல் மாசசூசெட்ஸும் இயற்றிய சட்டங்கள் முதல் விசை: கட்டாயம். எது சரி என்று தெரியாத நகரம் பெயரெடுத்த நகரத்தைப் பார்த்துச் செய்வது இரண்டாவது: போலச்செய்தல். மூன்றாவது, ஒரே படிப்பும் ஒரே சங்கமும் உருவாக்கும் தொழில் நெறி. 1881இல் குடிமைப் பணிச் சீர்திருத்தச் சங்கம் எழுந்தது. 1894இல் தொடங்கிய தேசிய நகராட்சிச் சங்கம் நகரங்களுக்கு மாதிரிச் சாசனமே எழுதிக் கொடுத்தது. நடைமுறையில் இம்மூன்றும் பின்னிப் பிணைந்துதான் வரும். தனித்தனியே பிரித்து அளப்பது கடினம்.

மதிப்புக்காக எடுத்த வடிவம் அன்றாட வேலையோடு பொருந்தாவிட்டால்? இரண்டையும் ஒன்றோடொன்று தொடாமல் பிரித்து வைத்துக்கொள்வார்கள் என்றார்கள் மேயரும் ரோவனும். அவர்கள் காட்டிய உதாரணம் அமெரிக்கப் பள்ளி. ஆசிரியரின் சான்றிதழ், வகுப்புப் பிரிவு, பாட நேரம் எல்லாவற்றிலும் கறார். வகுப்பறைக்குள் பாடம் எப்படி நடக்கிறது என்று நேரில் பார்த்துச் சோதிப்பதோ மிக அரிது. பார்த்தால் சங்கடமான உண்மைகள் வெளிவரும். பார்க்காதவரை எல்லோரும் எல்லோரையும் நம்பலாம்.

இதன் முரட்டு வடிவத்தைச் சிகாகோவில் பார்க்கலாம். 1895இலேயே தேர்வு முறையை ஏற்ற நகரம் அது. ஆனால் 1955 முதல் 1976 வரை மேயராக இருந்த ரிச்சர்ட் ஜே. டேலியின் காலத்தில் நகராட்சி வேலை கட்சியின் கையில்தான் இருந்தது. தேர்வு விதியை யாரும் நீக்கவில்லை. ஆயிரக்கணக்கானவர்களைத் ‘தற்காலிகப் பணியாளர்’ என்று எடுத்து ஆண்டுக்கணக்கில் வைத்துக்கொண்டார்கள். இந்தக் கட்சி நியமனங்களை எதிர்த்து 1969இல் தொடுக்கப்பட்ட ஷாக்மன் வழக்கின் விளைவாக அரசியல் காரணத்துக்காக ஆட்களை நீக்குவது 1972இலும், அரசியல் பார்த்து ஆள் எடுப்பது 1983இலும் தடைசெய்யப்பட்டன. அதன் பிறகும் நின்றபாடில்லை. 2006இல் மேயர் அலுவலக அதிகாரிகள் நீதிமன்றத்தில் தண்டிக்கப்பட்டார்கள். யாருக்கு வேலை என்பது முன்பே முடிவாகிவிடும், நேர்காணல் பெயருக்கு நடக்கும், முடிவுக்கு ஏற்றபடி மதிப்பெண் நிரப்பப்படும் என்பது விசாரணையில் வெளிவந்தது.

இதைப் படிப்பவர் எல்லாமே வெறும் வேஷம் என்று முடிவுகட்டிவிடக்கூடும். எனக்கு அதில் உடன்பாடில்லை. வேலையைத் தூக்கிக் கொடுக்கும் அதிகாரம் கையில் இருக்கும்போது எதற்காகப் பொய் நேர்காணல் நடத்த வேண்டும்? மதிப்பெண் தாள் இல்லாத நியமனம் நியமனமாகவே செல்லாது என்ற நிலைமை வந்துவிட்டதுதான் காரணம். 1870களில் கட்சித் தலைவர் ஒருவருக்கு இந்தத் தொல்லையே இல்லை. சிபாரிசு சொல்வது அவருடைய உரிமை, அதை மறைக்கும் அவசியமில்லை. விதி உள்ளே நடப்பதை மாற்றத் தவறியபோதும், எதை மறைக்க வேண்டும் என்பதை மாற்றிவிட்டது. மறைப்பதற்காகப் பொய்யாக நிரப்பிய அந்தத் தாள்கள்தான் குற்றத்துக்கும் ஆதாரமாயின. நீதிமன்றம் 2005இல் சிகாகோவுக்கு ஒரு கண்காணிப்பாளரை நியமித்தது. 2014இல்தான், நகராட்சி விதிப்படி ஆள் எடுக்கிறது என்று ஏற்று, நீதிமன்றம் தன் மேற்பார்வையை விலக்கிக்கொண்டது.