ஆக்சிஜன் சென்சார் ஹீட்டர் சர்க்யூட்: உயிர்வளி உணரியின் சூடேற்றிச் சுற்று

செக் இன்ஜின் விளக்கு எரிகிறது, ஸ்கேனரில் பி0135 வருகிறது. முதல் ஆக்சிஜன் சென்சாரின், அதாவது புகையில் மிஞ்சும் ஆக்சிஜனை அளந்து எஞ்சின் கணினிக்குச் சொல்லும் கருவியின், ஹீட்டர் சர்க்யூட்டில் கோளாறு என்று அர்த்தம். பல பட்டறைகளில் இதை ‘ஓ2 சென்சார் போயிடுச்சு’ என்று சுருக்கிவிடுகிறார்கள். குறியீடு சென்சாரைச் சொல்லவில்லை, சர்க்யூட்டைச் சொல்கிறது.

ஆக்சிஜன் என்பது 1777இல் லவாய்சியர் வைத்த பெயர். கிரேக்க மொழியில் ‘அமிலத்தைப் பிறப்பிப்பது’ என்று பொருள். எல்லா அமிலத்திலும் இந்த வாயு உண்டு என்று அவர் நம்பினார். நம்பிக்கை பொய்த்தது, பெயர் மட்டும் நிலைத்துவிட்டது. இலங்கைப் பாடநூல்களில் இது ஒட்சிசன். தமிழில் பிராணவாயு, உயிர்வளி இரண்டும் உண்டு. என் தேர்வு உயிர்வளி. காற்றைக் குறிக்கும் ‘வளி’ சங்கப் பாடல்களிலேயே இருக்கிறது.

சென்சாருக்கு உணரி. உணர்தலைக் குறிக்கும் லத்தீன் வினையிலிருந்து வந்த சொல்லுக்கு ‘உணர்’ வேர் அப்படியே பொருந்துகிறது. மெக்கானிக்குகள் சிலர் லாம்டா சென்சார் என்பார்கள். காற்று–எரிபொருள் விகிதத்தைக் குறிக்கும் கிரேக்க எழுத்து அது. பெட்ரோலுக்குச் சரியான விகிதம் எடைக்கணக்கில் 14.7க்கு 1.

ஹீட்டர் என்றால் சூடேற்றி. உணரிக்குள் இருக்கும் சிர்கோனியா பீங்கான் ஏறக்குறைய 300 டிகிரி செல்சியஸைத் தாண்டினால்தான் ஒழுங்காக வேலை செய்யும். 1976இல் போஷ் நிறுவனம் வால்வோ கார்களுக்குத் தந்த முதல் உணரியில் சூடேற்றி கிடையாது. புகையின் சூட்டையே நம்பியிருந்தது. 1982இல்தான் சூடேற்றி சேர்ந்தது. அது வேலை செய்யாவிட்டால், குளிர்ந்த எஞ்சின் கிளம்பும்போது உணரி தாமதமாகவே விழிக்கும். அதுவரை கணினி உத்தேசமாக பெட்ரோல் ஊற்றும், புகையும் கெடும்.

சர்க்யூட், அதாவது சுற்று. மின்சாரம் பேட்டரியில் கிளம்பி ப்யூஸ், ரிலே, கப்ளர் (வயர்களை இணைக்கும் பிளக்), சூடேற்றிக் கம்பி, எஞ்சின் கணினி என்று போய்த் திரும்பும் பாதை முழுவதும் இதில் அடக்கம். அதனால் சோதனையும் அந்தப் பாதை நெடுகப் போக வேண்டும். முதலில் ப்யூஸ். அப்புறம், சைலன்சர் ஆறிய பிறகு கப்ளரைக் கழற்றுங்கள். நான்கு வயர் உணரியில் ஒரே நிறத்தில் இருக்கும் இரண்டு வயர்கள்தான், பெரும்பாலும் வெள்ளை, சூடேற்றிக்கு உரியவை. உணரிப் பக்கத்தில் அவற்றுக்கிடையே மல்டிமீட்டரில் சில ஓம்கள் காட்டினால் கம்பி நல்லது. சரியான அளவு வண்டியின் சர்வீஸ் கையேட்டில் இருக்கும். முடிவிலி காட்டினால் உள்ளே அறுந்திருக்கிறது. சூடேற்றியைத் தனியாக மாற்ற முடியாது, உணரியையே மாற்ற வேண்டும்.

கம்பி நன்றாக இருந்தால், சாவியைப் போட்டு, தேவைப்பட்டால் எஞ்சினையும் ஓடவிட்டு, வண்டிப் பக்கக் கப்ளரில் 12 வோல்ட் வருகிறதா என்று பாருங்கள். வராவிட்டால் ரிலே, வயரிங். வந்தால், கணினிக்குப் போகும் எர்த் வயர். அது சைலன்சரில் பட்டு உருகியிருக்கலாம், கப்ளர் பின்னில் பச்சை பூத்திருக்கலாம். இதையெல்லாம் பார்க்காமல் புது உணரி வாங்கிப் போட்டால் அதே பி0135 திரும்பவும் வரும்.